பாக், மோட்சார்ட், பீத்தோவன்: எல்லோரும் ஏன் ஜெர்மன் பேசினார்கள்?

மேற்கத்திய செவ்வியல் இசை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும் பெயர்கள் ஐந்தாறுதான். பாக், ஹாண்டல், ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டவர்கள் ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ், வாக்னர் என்று நீட்டுவார்கள். அத்தனை பேருக்கும் தாய்மொழி ஜெர்மன். விவால்டி, டெபுஸி போன்ற பெயர்கள் அதற்கப்புறம்தான் வருகின்றன. ஐரோப்பாவில் இத்தனை மொழிகள் இருக்க, இந்த ஒரு மொழிக்காரர்கள் மட்டும் எப்படி இவ்வளவு இடத்தைப் பிடித்தார்கள்?

அவர்கள் ரத்தத்திலேயே இசை ஊறிப்போயிருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் பலர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 1700இல் ஐரோப்பாவில் யாரிடம் கேட்டிருந்தாலும் இசைக்கு இத்தாலிதான் என்று பதில் வந்திருக்கும். நூறு ஆண்டுகளில் ரத்தம் மாறிவிடாது. மாறியவை வேறு. என் பார்வையில் முக்கியமானவை இரண்டு: வேலைவாய்ப்பும் அச்சகமும். வேலைவாய்ப்பு இசைஞர்களை உருவாக்கியது. அந்த இசைஞர்களின் கதைதான் இசையின் கதை என்று உலகத்தை நம்பவைத்தது அச்சகம்.

ஊருக்கு ஒரு ராஜா

முதலில் 'ஜெர்மனி' என்ற பெயரைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். 1871 வரை அப்படி ஒரே நாடு கிடையாது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இன்றைய ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் நாடு எல்லாம் சேர்ந்த நிலப்பரப்பு புனித ரோமானியப் பேரரசு என்ற பெயரில் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தது. அதற்குள் சுமார் 300 ஆட்சிகள். பிரஷ்யா போன்ற பெரிய அரசும் உண்டு, குதிரையேறினால் ஒரே நாளில் கடந்துவிடக்கூடிய குட்டி சமஸ்தானமும் உண்டு. டியூக்குகள் ஆண்டவை, பேராயர்கள் ஆண்டவை, ஹாம்பர்க் போல வணிகர்கள் கூடி நகரசபை வைத்து நடத்தியவை என்று பல வகை. மோட்சார்ட் பிறந்தபோது சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இல்லை. அது ஒரு பேராயரின் தனி ஆட்சி. பீத்தோவன் பிறந்த பான் நகரத்தில் கொலோன் பேராயர் அரண்மனை வைத்திருந்தார். பாக் பிறந்த ஐசனாக்கும் ஒரு சின்ன டியூக்கின் தலைநகரம்தான்.

ராஜா என்று ஒருவர் இருந்தால் ராஜா மாதிரி வாழ்ந்து காட்ட வேண்டுமே. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தபின், பிரான்சில் 14ஆம் லூயி கட்டிய வெர்சாய் அரண்மனையின் பகட்டு எல்லாச் சிற்றரசர்களின் கண்ணையும் பறித்தது. பெரிய படை வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. இருபது வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். காலையில் மேசை துடைக்கும் ஏவலாளே மாலையில் வயலினை எடுத்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். பாக் 1703இல், 18 வயதில், வைமர் அரண்மனையில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியபோது அவர் பெயர் ஏவலாள் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டது.

சில ஆட்சியாளர்களுக்கு இது வெறும் பகட்டு அல்ல, பித்து. பிரஷ்யாவின் 2ஆம் பிரடெரிக் புல்லாங்குழல் வாசிப்பார். அவருக்குப் பக்கவாத்தியமாகக் கீபோர்டில் அமர்ந்தவர் பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல். மான்ஹைமில் கார்ல் தியடோர் என்ற ஆட்சியாளர் சேர்த்துவைத்த ஆர்கெஸ்ட்ரா ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேயர், இசை எங்கே எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே 1772இல் ஜெர்மன் நாடுகளைச் சுற்றிவந்தவர். மான்ஹைம் குழுவைக் கேட்டுவிட்டு, தளபதிகளை மட்டுமே சேர்த்து அமைத்த படை என்று எழுதினார். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக முழக்கமாக உயரும் அந்த ஏற்றம் இன்று எந்த சினிமாப் பின்னணி இசையிலும் சாதாரணம். அன்று மான்ஹைம் ஆர்கெஸ்ட்ராவின் ஏற்றத்தைக் கேட்கவே ஆட்கள் பயணம் செய்து வந்தார்கள்.

பிரான்சில் நிலைமை நேர் எதிர். எல்லாம் பாரிஸ், எல்லாம் அரசர். 1672இல் லுல்லி என்பவர் 14ஆம் லூயியிடம் ஓபரா உரிமத்தை வாங்கிக்கொண்டார். முழுக்கப் பாடி நடிக்கும் மேடை நாடகத்தை அவர் அனுமதியில்லாமல் யாரும் போட முடியாது. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு எங்கே போவது? ஜெர்மன் பேசும் நிலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது: அடுத்த ஊருக்கு. லண்டனில் பணம் கொழித்தது, ஆனால் அங்கே இசைஞர்களை வளர்ப்பதைவிட வரவழைப்பது சுலபமாக இருந்தது. ஹாண்டல் போனார், பாக்கின் இளைய மகன் போனார், பிற்பாடு ஹைடன் போனார்.

1722இல் ஒரு காலியிடம்

இந்தப் போட்டி நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க லைப்சிக் நகரத்துக்கு வருவோம். 1722இல் அங்கே புனித தோமா தேவாலயத்தின் கான்டோர் இறந்துபோனார். கான்டோர் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டும், நகரத்து முக்கியத் தேவாலயங்களுக்கு ஞாயிறுதோறும் இசை தயார் செய்ய வேண்டும். நகரசபை முதலில் கேட்டது டெலிமானை. அப்போது ஹாம்பர்க்கில் இருந்த அவர்தான் அந்தக் காலத்தின் நட்சத்திரம். டெலிமான் அந்த அழைப்பைத் தன் ஊர்க்காரர்களிடம் காட்டிச் சம்பளத்தை உயர்த்திக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அடுத்தவர் டார்ம்ஸ்டாட் அரண்மனையில் வேலைபார்த்த கிராப்னர். அவரை விட மாட்டேன் என்று அவருடைய எஜமான் சம்பளத்தை உயர்த்தினார். அதற்கப்புறம்தான் பாக். சிறந்தவர்கள் கிடைக்காதபோது நடுத்தரமானவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சபை உறுப்பினர் ஒருவர் பேசியது பதிவாகியிருக்கிறது. அவரைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் 1723இல் அது அபத்தமான கருத்து அல்ல. நல்ல ஆட்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

வேலையை விட்டுப் போவதும் எப்போதும் சுலபமல்ல. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் வைமர் டியூக்கிடமிருந்து விலக பாக் பிடிவாதம் பிடித்ததால், டியூக் அவரை ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். போய்ச் சேர்ந்த இடம் கோத்தன். அங்கே ஆண்ட இளவரசர் லியோபோல்ட் கால்வின் வழிக் கிறிஸ்தவர். அந்த வழியில் தேவாலயத்தில் ஆடம்பர இசைக்கு இடமில்லை. ஆகவே கோத்தனில் பாக்கின் கவனம் வாத்திய இசைக்குத் திரும்பியது. வயலினுக்கும் செல்லோவுக்கும் துணை இல்லாமல் தனியே வாசிக்க அவர் எழுதியவையும், சில வாத்தியங்கள் குழுவோடு மாறிமாறி வாசிக்கும் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களைத் தொகுத்து அர்ப்பணித்ததும் இந்தக் காலத்தில்தான். லைப்சிக் போனதும் மறுபடி தேவாலய இசை. முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு கான்டாட்டா, அதாவது ஆர்கெஸ்ட்ராவும் பாடகர்களும் சேர்ந்து நிகழ்த்தும் வழிபாட்டு இசை. அவர் எந்த வகை இசையை எழுதுவார் என்பதை அவர் மனநிலையைவிட எஜமானின் மதப்பிரிவே அதிகம் தீர்மானித்தது.

அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு 1730இல் அவர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. லைப்சிக்கில் வருமானம் சுமார் 700 தாலர் (அன்றைய வெள்ளி நாணயம்). ஊரில் சாவு கூடினால் சவ அடக்கப் பாட்டுக்கான காசும் கூடுகிறது. நல்ல காற்று வீசினால் குறைந்துவிடுகிறது. போன வருஷம் இந்த வகையில் மட்டும் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று புலம்புகிறார். அதே ஆண்டு நகரசபைக்குக் கொடுத்த மனுவில் பள்ளிப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்: உபயோகமானவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, எதற்கும் லாயக்கில்லாதவர்கள் 17. இயேசுவின் பாடுகளை மத்தேயு நற்செய்தியின்படி பாடும் மத்தேயு பாஷன் என்ற பெரும் படைப்பை எழுதி முடித்த மனிதரின் அன்றாடக் கவலைகள் இவை.

பள்ளிக்கூடமும் பாட்டும்

அரண்மனைகள் மட்டும் இருந்து என்ன பயன், வாசிக்க ஆள் வேண்டுமே? அந்த ஆட்களைத் தந்தது தேவாலயமும் அதை ஒட்டிய பள்ளியும்.

16ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லுத்தர் நல்ல பாடகர், லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர். வழிபாட்டில் பாதிரியாரும் பாடகர் குழுவும் லத்தீனில் பாட மக்கள் சும்மா நிற்பது அவருக்குச் சரிப்படவில்லை. தெரிந்த மெட்டுகளில், ஜெர்மன் மொழியில், சபை முழுக்கப் பாடும்படி பாட்டுகளை எழுதினார், எழுதவும் வைத்தார். 1524இலேயே அவை அச்சில் வந்துவிட்டன. இவைதான் கோரல்கள். பாடத் தெரியாத பள்ளி ஆசிரியரை நான் ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன் என்று அவர் சொன்னதாகக் குறிப்பு உண்டு. லுத்தரன் ஊர்களில் லத்தீனோடு பாட்டும் பாடமானது. தேவாலயத்துக்கு ஆர்கன் வேண்டும், ஆர்கன் வாசிப்பவர் வேண்டும், ஆர்கன் செய்பவர் வேண்டும். ஊர்ச் சடங்குகளுக்கு நகரசபை சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஊதுகுழல்காரர்கள் வேறு. பாக்கின் அப்பா ஐசனாக்கில் அப்படிப்பட்ட நகர வாத்தியக்காரர். இந்த உலகத்தில் கற்றுக்கொள்ளும் வெறி எப்படி இருந்தது என்றால், 20 வயது பாக் 1705இல் லூபெக்கில் இருந்த புக்ஸ்டெஹூட என்ற ஆர்கன் மேதையைக் கேட்க நாலு வாரம் விடுப்புக் கேட்டு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனதாகச் சொல்வார்கள். திரும்பி வர நாலு மாதம் ஆயிற்று. வேலை கொடுத்தவர்கள் விளக்கம் கேட்டார்கள்.

இந்த கோரல் மரபின் ஒரு கிளை நம் கடற்கரைக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஹாண்டல் பிறந்த ஹாலே நகரத்தில் படித்தவர். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் முதலானவர்கள் ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கினார்கள். தமிழ் லுத்தரன் சபைகளில் இன்றும் ஞானப்பாட்டு என்று பாடப்படுபவற்றில் பல அந்த ஜெர்மன் மெட்டுகளிலேயே ஒலிக்கின்றன. பாக் தன் கான்டாட்டாக்களைக் கட்டியதும் இதே வகை மெட்டுகளின் மேல்தான். ஆக, அந்தச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு பாக் முற்றிலும் அந்நியர் அல்ல.

கத்தோலிக்கத் தெற்கிலும் இதே விளைவு வேறு வழியில் வந்தது. ஆஸ்திரியாவிலும், இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவிலும் மடாலயங்கள் பாடும் சிறுவர்களைச் சேர்த்து வளர்த்தன. ஹைடனே வியன்னா தேவாலயத்தில் பாடகச் சிறுவனாக இருந்து, குரல் உடைந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர். பர்னி தன் பயணத்தில் பொஹீமியாவின் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். ஆறு வயது முதல் பத்து பதினொரு வயது வரையிலான ஆண் பெண் பிள்ளைகள் ஒரே அறையில், சிலர் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும், சிலர் வயலினும் ஓபோவும் பஸூனும் வாசித்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எப்படித்தான் படித்தார்களோ. மான்ஹைம் ஆர்கெஸ்ட்ராவைப் புகழுக்குக் கொண்டுவந்த ஸ்டாமிட்ஸும் பொஹீமியாக்காரர்தான். 'ஜெர்மன் இசை' என்று சொல்லும்போது செக் மொழி பேசியவர்களின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

இத்தாலிக்குக் கட்டிய கடன்

சரி, இவர்களிடம் வேலையும் ஆட்களும் இருந்தார்கள். சரக்கு? அது பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்தது. சொனாட்டா, கான்செர்ட்டோ, ஓபரா, அலெக்ரோ, பியானோ என்று இசையின் கலைச்சொற்கள் எல்லாம் இத்தாலியனாக இருப்பது தற்செயல் அல்ல. ஜெர்மன் இசைஞர் ஷூட்ஸ் 1609இல் வெனிஸ் போய்ப் படித்தார். ஹாண்டல் 21 வயதில் இத்தாலி போனார். மோட்சார்ட்டை அவர் அப்பா 1769க்கும் 1773க்கும் இடையில் மூன்று முறை கூட்டிப்போனார். பாக் போகவே இல்லை. பதிலாக விவால்டியின் கான்செர்ட்டோக்களை வரவழைத்து, அவற்றைக் கீபோர்டில் வாசிக்கும்படி மாற்றி எழுதி எழுதியே கற்றுக்கொண்டார். பாடல் மெட்டு இத்தாலியிடமிருந்து, நடன அமைப்பு பிரான்சிடமிருந்து, குரல்களைப் பின்னும் கணக்கு உள்ளூர் ஆர்கன் மரபிலிருந்து. 2ஆம் பிரடெரிக்கின் புல்லாங்குழல் ஆசிரியர் குவான்ட்ஸ் 1752இல் வெளியிட்ட நூலில், நல்லதை எங்கிருந்தும் எடுத்துக் கலப்பதுதான் ஜெர்மானியர்களின் ருசி என்று பெருமையாகவே எழுதினார். தாங்கள் சொந்தமாகக் கண்டுபிடித்தோம் என்று அவர்கள் அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு பிறகு வந்தது.

வியன்னா: அரண்மனையிலிருந்து அரங்கத்துக்கு

அரண்மனை வேலையின் உச்சத்தையும் முடிவையும் ஹைடன் ஒருவர் வாழ்க்கையிலேயே பார்த்துவிடலாம். 1761இல் அவர் எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரிய பிரபு குடும்பத்தில் சேர்ந்தார். ஒப்பந்தத்தில் வெள்ளைக் காலுறை, பவுடர் போட்ட தலைமுடி என்று உடைக்கே விதிகள். தினமும் முன்கூடத்தில் வந்து நின்று இன்று இசை வேண்டுமா என்று உத்தரவு கேட்க வேண்டும். எழுதுவதெல்லாம் எஜமானுக்குச் சொந்தம்; வெளியே பிரதி கொடுக்கக் கூடாது. எஜமான் நிக்கலாஸுக்கு பரிட்டோன் என்ற அபூர்வ நரம்பு வாத்தியத்தின் மேல் ஆசை. அவர் வாசிப்பதற்காக ஹைடன் நூற்றுக்கும் மேற்பட்ட மூவர் இசைத் துண்டுகளை எழுதினார். அந்த வாத்தியத்தை இன்று வாசிப்பவர்கள் வெகு சிலரே, ஆகவே அத்தனையும் பெரும்பாலும் தூங்குகின்றன.

1772இல் நிக்கலாஸ் தன் கோடை மாளிகையை விட்டுக் கிளம்பாமல் தங்கிக்கொண்டே போனார். வாத்தியக்காரர்களின் குடும்பங்களோ வேறு ஊரில். ஹைடன் ஒரு சிம்பொனி, அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கும் பல பகுதி கொண்ட இசை, எழுதினார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தன் பங்கை முடித்து, மெழுகுவத்தியை அணைத்து, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுவார்கள். இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டும். எஜமானுக்குப் புரிந்தது, மறுநாளே மூட்டை கட்டச் சொன்னார் என்பது கதை. இதை யூடியூபில் கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது.

இந்த வேலையில் ஓர் அனுகூலம் இருந்தது. கையருகே எப்போதும் ஓர் ஆர்கெஸ்ட்ரா. எழுதியதை உடனே வாசிக்கவைத்துப் பார்க்கலாம், சரியில்லை என்றால் மாற்றலாம். உலகத்திலிருந்து ஒதுங்கி இருந்ததால் வேறு வழியில்லாமல் புதுமையாக எழுத வேண்டியதாயிற்று என்று ஹைடனே முதுமையில் சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகள் எழுத இப்படி ஒரு பட்டறை இல்லாமல் முடியாது. 1790இல் நிக்கலாஸ் இறந்ததும் வாரிசு ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிட்டார். ஹைடன் லண்டன் போய், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன் வாசித்துப் பெரும் பணம் பார்த்தார்.

மோட்சார்ட் இதற்கு முன்பே முறித்துக்கொண்டவர். 1781இல் சால்ஸ்பர்க் பேராயரின் வேலையை உதறியபோது, பேராயரின் அதிகாரி ஒருவர் அவரைப் பின்புறத்தில் உதைத்து அனுப்பினார். அவமானத்தை மோட்சார்ட்டே அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன்பின் வியன்னாவில் சந்தா சேர்த்துக் கச்சேரி நடத்துவது, பாடம் எடுப்பது, ஓபரா எழுதுவது என்று சமாளித்தார்.

பீத்தோவன் கதையில் இரண்டு உலகமும் சந்திக்கின்றன. தாத்தா பான் அரண்மனையின் இசைத் தலைவர், அப்பா அங்கே பாடகர். 1792இல் பான் ஆட்சியாளர் செலவில் ஹைடனிடம் படிக்க வியன்னா வந்தார். இரண்டே ஆண்டில் பிரெஞ்சுப் படை பானைப் பிடித்தது. திரும்பிப் போக அரண்மனையே இல்லை. அவருக்கு மட்டுமா இப்படி? 1803இல் நெப்போலியன் கொடுத்த நெருக்கடியில் சமஸ்தானங்கள் பல கூண்டோடு ஒழிந்தன, 1806இல் பேரரசே கலைந்தது. 1808இல் நெப்போலியனின் தம்பி, வெஸ்ட்பாலியா அரசர், பீத்தோவனைத் தன் அரண்மனைக்கு அழைத்தார். அவரும் டெலிமான் செய்ததையே செய்தார். வியன்னாவை விட்டுப் போகாமல் இருந்தால் ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின் என்று மூன்று பிரபுக்கள் 1809இல் எழுதிக் கொடுத்தார்கள். வேலை எதுவும் செய்ய வேண்டாம், ஊரில் இருந்தால் போதும். பிற்பாடு பணத்தின் மதிப்பு சரிந்தது, ஒரு பிரபு நொடித்துப்போனார், இன்னொருவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், அது தனிக் கதை. ஏவலாள் கணக்கில் பாக் பெயர் எழுதப்பட்டு நூறு ஆண்டுகள் சற்றுத்தான் கடந்திருந்தன.

ஆனால் அதே வியன்னா 1822இல் ரோஸ்ஸினியின் இத்தாலிய ஓபராக்களுக்குத் தலைகால் புரியாமல் கூத்தாடியது. பீத்தோவன் உயிரோடு அதே ஊரில் இருந்தார். டிக்கெட் விற்பனையை வைத்து முடிவு செய்திருந்தால் இன்றைக்கு நாம் இந்தக் கட்டுரைக்கு இத்தாலியத் தலைப்புத்தான் வைத்திருப்போம்.

அச்சேறிய வரலாறு

இங்கேதான் மறுபடி லைப்சிக். புத்தகச் சந்தைக்குப் பெயர்போன ஊர். 1719இல் தொடங்கிய ப்ரைட்கோப்ஃப் அச்சகமும் 1800இல் தொடங்கிய, பின்னாளில் பீட்டர்ஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனமும் இசைத்தாள்களை உலகெங்கும் அனுப்பின. 1798இல் ப்ரைட்கோப்ஃப் ஒரு இசை வார இதழைத் தொடங்கியது. அதில் 1810இல் எழுத்தாளர் ஹாஃப்மன், பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி நீண்ட விமர்சனம் எழுதினார். வார்த்தையோ கதையோ இல்லாத வாத்திய இசைதான் எல்லாக் கலைகளிலும் உயர்ந்தது, அது சொல்லுக்கு எட்டாததைத் தொடுகிறது என்பது அதன் சாரம்.

இந்தக் கருத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பாட்டும் ஓபராவும் இத்தாலியின் பலம். சிம்பொனி, நால்வர் வாசிக்கும் குவார்டெட், ஓரிரு வாத்தியங்களுக்கான சொனாட்டா ஆகியவை ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் ஆகியோரின் பலம். வாத்திய இசையே உச்சம் என்று அளவுகோலை வைத்தால் யார் உயரமாகத் தெரிவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஹாஃப்மன் சூழ்ச்சி செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே சொக்கிப்போனவர். ஆனால் நாம் இன்றும் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

அதோடு அரசியலும் சேர்ந்தது. நெப்போலியனிடம் தோற்று, நாடு என்று ஒன்று இல்லாமல் சிதறிக்கிடந்த ஜெர்மானியர்களுக்கு, நாங்கள் ஒரே மக்கள் என்று காட்ட மொழியும் இலக்கியமும் இசையும்தான் மிச்சம். 1802இல் ஃபோர்கெல் எழுதிய பாக்கின் வாழ்க்கை வரலாறு, இந்த மனிதர் ஜெர்மானியர், தாய்நாடே பெருமைப்படு என்ற தொனியில்தான் முடிகிறது. அப்போது பாக்கைத் தொழில்முறை இசைஞர்களுக்கு வெளியே அறிந்தவர்கள் கொஞ்சம். 1829இல் பெர்லினில் 20 வயது மெண்டல்சன், பாக் இறந்தபின் மறக்கப்பட்டுக் கிடந்த மத்தேயு பாஷனைப் பெரிய பாடகர் குழுவோடு அரங்கேற்றினார். தத்துவவாதி ஹெகல் உட்பட ஊரே திரண்டது. பாடியவர்கள் அமெச்சூர் பாடகர்கள், அதாவது நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்கள். அரண்மனைகள் போனபின் இசையைத் தாங்கியது இந்த வர்க்கம்தான்: வீட்டில் பியானோ, மாலையில் பாடகர் சங்கம், கையில் இசை இதழ்.

மெண்டல்சன் 1835இல் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைமையேற்றார். ஜவுளி வணிகர்களின் கட்டடத்துக்குள் இருந்த அரங்கம் அது. உண்மையான மகிழ்ச்சி விளையாட்டுக் காரியமல்ல என்ற செனகாவின் லத்தீன் வாசகம் அதன் சுவரில் இருந்தது. அரட்டைக்கு வராதே என்று இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. அங்கே அவர் பாக்கில் தொடங்கி வரிசையாக வரும் 'வரலாற்றுக் கச்சேரிகள்' நடத்தினார். அதுவரை கச்சேரி என்றால் பெரும்பாலும் புது இசை. இறந்துபோனவர்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, அவர்களை வரிசைப்படுத்தி வணங்குவது என்ற வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. 1843இல் அவர் அதே ஊரில் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியைத் தொடங்கினார். நார்வேயிலிருந்து கிரீக், இங்கிலாந்திலிருந்து சல்லிவன் என்று பிள்ளைகள் படிக்க வந்தார்கள். ஜெர்மன் முறையில் இசை எழுதக் கற்றுத் திரும்பிப் போனார்கள். 1850இல் பாக்கின் முழுப் படைப்புகளையும் அச்சிட ஒரு சங்கம் அமைந்து, அரை நூற்றாண்டு உழைத்தது. 1862இல் கோஷல் மோட்சார்ட்டின் படைப்புகளுக்கு எண் கொடுத்தார். இன்றும் அந்த எண்தான். வியன்னாவில் இசை பல்கலைக்கழகப் பாடமானது.

அச்சில், வரிசை எண்ணோடு, சரிபார்த்த பதிப்பாகக் கிடைக்கும் இசைக்கும், ஏதோ ஓபரா அரங்கத்தின் பரணில் கையெழுத்துப் பிரதியாகக் கிடக்கும் இசைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத் தேவையில்லை. பாக் மேதை அல்ல, பிரசாரத்தால் உயர்ந்தவர் என்று யாராவது கிளம்பினால் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் அவருடைய ஃபூகு ஒன்றைப் போட்டுக்காட்டினால் போதும். ஆனால் விவால்டி இருபதாம் நூற்றாண்டு வரை தூசியில் கிடந்ததற்கும் பாக் கிடக்காததற்கும் மேதைமை மட்டும் காரணமில்லை.

பெருமைக்கு வந்த விலை

எங்கள் இசையே உலக இசை என்ற நினைப்பு ஒரு கட்டத்தில் நஞ்சானது. வாக்னர் யூத இசைஞர்களைத் தாக்கி எழுதினார், மெண்டல்சன் உட்பட. ஷோன்பெர்க் என்ற வியன்னா யூதர், 1920களின் தொடக்கத்தில் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் பன்னிரு சுர முறையைக் கண்டுபிடித்தபோது, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஜெர்மன் இசையின் மேன்மை உறுதியாகிவிட்டது என்று மாணவரிடம் சொன்னதாகப் பதிவு. 1933இல் நாஜிகள் அவரை பெர்லின் பதவியிலிருந்து நீக்கினார்கள்; அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சல்ஸில் பாடம் எடுத்து வாழ்ந்தார். லைப்சிக்கில் கெவாண்ட்ஹவுஸ் முன் நின்ற மெண்டல்சன் சிலையை 1936இல் அகற்றினார்கள். பாக்கை அவர்களுக்கு மீட்டுக்கொடுத்த மனிதரின் சிலை. அதன் மறுபதிப்பு 2008இல்தான் அந்த ஊரில் மீண்டும் நிறுவப்பட்டது. நாஜிகளிடமிருந்து தப்பியோடிய இசைஞர்கள் பலர் அமெரிக்காவில் வேரூன்றியதால், அந்த மரபின் கணிசமான பகுதி அங்கே இடம்பெயர்ந்தது.

அந்தப் பழைய சமஸ்தானங்கள் மட்டும் வேறு உருவில் இருக்கின்றன. 1918இல் ஜெர்மன் அரசர்கள் எல்லோரும் முடிதுறந்தபோது அரண்மனை அரங்கங்களும் ஆர்கெஸ்ட்ராக்களும் மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் கைமாறின. இன்று ஜெர்மனியில் பொதுப்பணத்தில் இயங்கும் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்கள் நூற்றுக்கும் மேல். பல, பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில். 1885இல் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி முதலில் ஒலித்தது பெர்லினிலோ வியன்னாவிலோ அல்ல, மைனிங்கன் என்ற குட்டி டியூக்கின் ஊரில். அங்கே 1690இலிருந்து அரண்மனை ஆர்கெஸ்ட்ரா உண்டு. இப்போது அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 25,000. டியூக் போய் நூறு ஆண்டுக்கு மேலாகிறது. ஆர்கெஸ்ட்ரா இன்னும் 'மைனிங்கன் அரண்மனை இசைக்குழு' என்ற பெயரிலேயே வாசிக்கிறது. சம்பளம் வரிப்பணத்திலிருந்து வருகிறது.